என்னிடம் காய்ச்சல் இருக்கிறது: பீட்டர்ஸ்பர்க்கில் ரஷ்ய மொழி பழகிய கதை

பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரமே காய்ச்சலில் விழுந்தேன். 2017 அக்டோபர். கணவர் வேலைக்குப் போயிருந்தார். நாங்கள் இருந்த கட்டிடத்தின் கீழ்த்தளத்திலேயே பச்சைச் சிலுவை போட்ட மருந்துக்கடை இருந்தது. படியிறங்கும்போதே வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டேன். முதலில் ஆங்கிலத்தில் அமைத்து, பிறகு ஒவ்வொரு சொல்லாக ரஷ்யனுக்கு மாற்றி, 'யா இமேயு தெம்பிரத்தூரு'. கடையில் இருந்த பெண் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு 'உ வாஸ் தெம்பிரத்தூரா?' என்று கேட்டார். தலையாட்டினேன். மாத்திரை வந்தது.

வீட்டுக்கு வந்து போர்வைக்குள் படுத்துக்கொண்டு அந்தக் கேள்வியையே யோசித்துக்கொண்டிருந்தேன். 'உ வாஸ்' என்றால் உங்களிடம். உங்களிடம் காய்ச்சலா? அப்படியென்றால் என்னிடம் காய்ச்சல் என்பது 'உ மின்யா தெம்பிரத்தூரா'. என்னிடம் சாவி இருக்கிறது, என்னிடம் பணம் இருக்கிறது, எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், எல்லாவற்றுக்கும் இதே 'உ மின்யா'. ஆங்கிலத்தில் இதற்கென்று இருக்கும் 'ஹேவ்' என்ற வினைச்சொல் தமிழில் கிடையாது, அது இல்லையே என்று நாம் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. ரஷ்யனும் அன்றாடப் பேச்சில் அப்படி ஒரு வினை இல்லாமலேயே சமாளித்துக்கொள்கிறது. திருநெல்வேலியிலிருந்து கிளம்பி லண்டன் வழியாக ஏன் பீட்டர்ஸ்பர்க் வந்துகொண்டிருந்தேன் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

கையில் இருந்தது ஆங்கில வழிப் பாடப்புத்தகம் ஒன்றுதான், அதைத் தூக்கிப் போட முடியாது. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு பாடத்தின் ஓரத்திலும் 'இது தமிழில் எப்படி?' என்று எழுத ஆரம்பித்தேன். இரண்டு வருடத்தில் அது ஒரு தனி நோட்டாகவே ஆகிவிட்டது. மருத்துவம் படிக்க ரஷ்யா போகும் நம் பிள்ளைகள் நிறையப் பேர் முதல் வருடத்தில் மொழியில் மாட்டிக்கொண்டு தவிப்பதைப் பார்த்த பிறகு, அந்த நோட்டில் உள்ளதை எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

முதல் பக்கம் 'எனக்கு'. ரஷ்யனில் 'ம்னே'. எனக்குக் குளிருது என்பது 'ம்னே ஹோலத்ன'. எனக்குப் பிடிச்சிருக்கு, 'ம்னே ந்ராவிட்ஸா'. எனக்கு முப்பது வயசு, 'ம்னே த்ரிட்ஸத் லேத்'. எனக்கு டாக்டர் வேண்டும், 'ம்னே நூஜன் வ்ராச்'. ஆங்கிலத்தில் இந்த நான்கும் 'நான்' என்று தொடங்கும், அதனால் அந்த வழியாகக் கற்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. நமக்கு இது சொல்லிக்கொடுக்கவே வேண்டாத விஷயம். அதேபோல 'நான் மாணவி' என்பது 'யா ஸ்துத்யேன்த்கா', அவ்வளவுதான், நடுவில் 'ஆம்', 'இஸ்' எதுவும் கிடையாது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'எ', 'த' போன்ற ஒட்டுச்சொல்லும் கிடையாது. நீ, நீங்கள் வேறுபாடு அப்படியே 'தி', 'வி' என்று இருக்கிறது, அதைத் தப்பாகப் போட்டால் ஏற்படும் சங்கடமும் நம் ஊரில் இருப்பதுதான்.

வேற்றுமை உருபு என்றதும் எல்லோரும் பயமுறுத்துவார்கள். ஆறு வேற்றுமை இருக்கிறது, தலைகீழாக மனப்பாடம் செய்ய வேண்டும் என்பார்கள். நாம் பள்ளிக்கூடத்தில் எட்டு வேற்றுமை படித்தவர்கள். ரஷ்யனில் 'மாமா' என்றால் அம்மா (இதைப் பழகவே ஒரு வாரம் ஆகும்). 'மாமு' என்றால் அம்மாவை. 'மாமே' என்றால் அம்மாவுக்கு. 'மாமி' என்றால் அம்மாவின். 'ஸ் மாமய்' என்றால் அம்மாவோடு. ஐ, கு, இன், ஓடு, எல்லாம் சொல்லின் வாலில்தான் வருகிறது, இதில் 'ஓடு'வுக்கு மட்டும் முன்னால் ஒரு 'ஸ்' கூடச் சேரும். பேனாவுக்கு 'ரூச்கா', பேனாவால் எழுது என்றால் 'ரூச்கய்' என்று முடியும். அந்த 'அய்'தான் நம் 'ஆல்'. பட்டியலை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் எடுத்து ஐ, ஆல், கு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். நான் சமையலறையில் அப்படித்தான் செய்தேன், கத்தியால், கத்தியை, கத்தி இல்லாமல் என்று.

இன்னொன்று, இது எனக்கு மிகவும் பிடித்தது. ரஷ்ய வினைச்சொற்கள் பெரும்பாலும் இரட்டையாக வரும். 'பிஸாலா' என்றாலும் எழுதினேன், 'நபிஸாலா' என்றாலும் எழுதினேன். வித்தியாசம் என்ன என்று புத்தகம் நான்கு பக்கம் விளக்கியது, ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒரு நாள் அம்மா போனில் 'சாப்பிட்டியா?' என்று கேட்டபோது 'சாப்பிட்டாச்சு' என்று சொன்னேன், சொன்ன வாயோடு பிடிபட்டது. எழுதினேன், எழுதிவிட்டேன், சாப்பிட்டேன், சாப்பிட்டாச்சு. வேலை முடிந்ததா, நடந்துகொண்டிருந்ததா என்பதை நாம் பின்னால் 'விடு', 'ஆச்சு' போட்டுச் சொல்கிறோம், அவர்கள் பெரும்பாலும் முன்னால் ஓர் அசையைப் போட்டுச் சொல்கிறார்கள். எல்லா இடத்திலும் அச்சாகப் பொருந்தாது, ஆனால் ஆரம்பத்தில் பிடித்துக்கொள்ள இது போதும். 'ஜெ' என்று ஒரு குட்டிச் சொல் பேச்சில் வந்துகொண்டே இருக்கும், அகராதியில் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். 'தி ஜெ ஸ்னாயெஷ்' என்றால் 'உனக்குத்தான் தெரியுமே'. அந்த ஏகாரம்தான் 'ஜெ'.

எழுத்துக்கு வருவோம். மொத்தம் 33 எழுத்து, 247 கற்றுக்கொண்ட நமக்கு அது ஒரு வாரத்து வேலை. ஆபத்து எங்கே என்றால் ஆங்கில எழுத்தைப் போலவே இருந்து வேறு ஒலி தரும் எழுத்துகளில். ஆங்கில 'பி' போலத் தெரிவது 'ர்', 'சி' போலத் தெரிவது 'ஸ்', 'ஹெச்' போலத் தெரிவது 'ந்'. அதனால் 'ரெஸ்தரான்' என்ற பலகையை நான் பல நாள் 'பெக்டோபா' என்றே படித்துக்கொண்டு கடந்துபோனேன். பெரிய புத்தகம் வேண்டாம், தெருவில் நடந்தாலே போதும்: 'அப்த்யேகா' மருந்துக்கடை, 'ப்ரதூக்தி' மளிகை, 'வ்ஹோத்' உள்ளே போகும் வழி, 'விஹத்' வெளியே போகும் வழி. கதவில் 'க் ஸெப்யே' என்றிருந்தால் இழுக்க வேண்டும், 'அத் ஸெப்யா' என்றிருந்தால் தள்ள வேண்டும். உன் பக்கம், உன்னிடமிருந்து அந்தப் பக்கம் என்று பொருள். மெட்ரோவின் நகரும் படிக்கட்டு எனக்கு இன்னொரு வகுப்பு. அத்மிரல்தேய்ஸ்கயா நிலையம் தரைக்கு 86 மீட்டர் கீழே இருக்கிறது, இறங்கி முடிக்கவே சில நிமிடம் ஆகும். வலது ஓரமாக நின்றுகொண்டு விளம்பரங்களை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே இறங்குவேன்.

உச்சரிப்பில் ஒரு நல்ல செய்தி உண்டு. ரஷ்யனில் உகரமும் இல்லாமல் இகரமும் இல்லாமல் ஒரு ஒலி இருக்கிறது, நீ என்பதற்கான 'தி'யிலும் நீங்கள் என்பதற்கான 'வி'யிலும் வருவது, தமிழில் எழுத வழியில்லாமல் நான் 'இ' போட்டு எழுதியிருக்கிறேன். வெளிநாட்டவர்கள் அதற்காக வாயைக் கோணிக்கொண்டு பயிற்சி செய்வார்கள். 'பத்து' என்று சாதாரணமாகச் சொல்லுங்கள், கடைசி 'து'வில் உதடு குவியாது பாருங்கள். அதுதான் நம் குற்றியலுகரம், அந்த ஒலிக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது. நாக்கை லேசாக மேலே ஏற்றினால் போதும். அழுத்தம்தான் கஷ்டம். அழுத்தம் விழாத ஒகரம் அகரமாகிவிடும், 'மொலொகோ' என்று எழுதிவிட்டு 'மலகோ' என்பார்கள், பால். 'ஜாமக்' என்றால் கோட்டை, 'ஜமோக்' என்றால் பூட்டு, எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. வீட்டுப் பூட்டு கெட்டுப்போய் ஆள் கூப்பிட்டபோது கோட்டை கெட்டுவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு புதுச் சொல்லையும் எழுதும்போதே அழுத்தம் விழும் இடத்தில் ஒரு கோடு போட்டு எழுதுங்கள். இதை முதல் நாளிலிருந்து செய்யுங்கள், நான் ஆறு மாதம் கழித்துத்தான் செய்தேன், ஆறு மாதச் சொற்களையும் மறுபடி படிக்க வேண்டியிருந்தது.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. அங்கே உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. மேசை ஆண், புத்தகம் பெண், ஜன்னல் இரண்டும் இல்லை. 'போ' என்ற ஒரே சொல்லை வைத்து நாம் ஊர் முழுக்கச் சுற்றுவோம், அவர்களுக்கு நடந்து போவது 'இத்தீ', வண்டியில் போவது 'யேஹத்'. 'மாஸ்கோவுக்குப் போகிறேன்' என்பதற்கு நான் முதல் சொல்லைப் போட்டுவிட, கேட்டவர் உண்மையாகவே கவலைப்பட்டார். எண்களில் ஒன்றுக்கு 'ரூப்ல்', இரண்டிலிருந்து நான்கு வரை 'ரூப்ல்யா', ஐந்திலிருந்து 'ரூப்லேய்', இருபத்தொன்று வந்தால் மறுபடியும் 'ரூப்ல்'. இதெல்லாம் காது பழகப் பழக வருவதுதான். பெண்கள் ஒன்றை மட்டும் முதலிலேயே கவனிக்க வேண்டும். தமிழில் 'புரிந்தது', 'வந்தேன்' என்று யார் சொன்னாலும் ஒன்றுதான். ரஷ்யனில் 'புரிந்தது' என்பதை ஆண் சொன்னால் 'போன்யல்', பெண் சொன்னால் 'பன்யலா'. நான் கணவரிடமிருந்தும் காணொளிகளில் பேசிய ஆண்களிடமிருந்தும் கற்றதால் பல வாரம் ஆணாகவே பேசியிருக்கிறேன், ஒருவரும் திருத்தவில்லை, பக்கத்து வீட்டு அம்மாதான் மெதுவாக 'பன்யலா, பன்யலா' என்று இரண்டு முறை சொன்னார்.

கடையில் கேட்கப்போகும் கேள்விகள் எப்போதும் ஒன்றேதான். 'பக்யேத் நூஜன்?' என்றால் பை வேண்டுமா. 'கார்தா யெஸ்த்?' என்றால் அந்தக் கடையின் தள்ளுபடி அட்டை இருக்கிறதா. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு போனால் பாதி பதற்றம் போய்விடும். பணத்தைக் கையில் நீட்ட வேண்டாம், சின்னத் தட்டு இருக்கும், அதில் வையுங்கள். எங்கள் மாவட்டத்தில் கூடங்குளம் அணுமின் நிலைய வேலைக்காக வந்த ரஷ்யக் குடும்பங்கள் கடையில் விரலைக் காட்டிக் காய்கறி வாங்குவதைச் சின்ன வயதில் பார்த்து நின்றிருக்கிறேன். இங்கே முதல் மாதம் நான் அதே மாதிரி விரலைக் காட்டி வாங்கியபோது அவர்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது. மருத்துவமனையில் வரிசை கண்ணுக்குத் தெரியாது, எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே நுழைந்ததும் 'க்தோ பஸ்லேத்னி?' என்று கேளுங்கள், கடைசி ஆள் யார் என்று. ஒருவர் கையைத் தூக்குவார். 'யா ஜ வாமி', உங்களுக்குப் பின்னால் நான். அப்புறம் எங்கே வேண்டுமானாலும் போய் உட்காரலாம், உங்கள் இடம் அப்படியே இருக்கும். கூட்டமான பஸ்ஸில் முன்னால் நிற்பவரைத் தள்ளக்கூடாது, 'வி விஹோதித்யே?' (நீங்கள் இறங்குகிறீர்களா) என்று கேட்டால் அவரே வழிவிடுவார்.

கூப்பிடுவது பெரிய பிரச்சினையாக இருந்தது. நமக்கு அண்ணா, அக்கா, அம்மா, ஐயா என்று யாரையும் கூப்பிட ஒரு சொல் இருக்கிறது. அதையே மொழிபெயர்த்து டிராமில் ஒரு வயதானவரை 'பாபுஷ்கா' என்று அழைத்தேன், பாட்டி என்ற அர்த்தத்தில், மரியாதையாகத்தான். அவர் முகம் சுருங்கிவிட்டது. நம் ஊரிலும் முன்பின் தெரியாதவரைப் பாட்டி என்றால் சிலருக்குப் பிடிக்காது, அது எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. இளம் பெண் என்றால் 'தேவுஷ்கா', இளைஞர் என்றால் 'மலதோய் சிலவேக்', மற்றவர்களிடம் எந்த விளியும் இல்லாமல் 'இஸ்வினீத்யே, பஜாலுஸ்தா' (மன்னியுங்கள், தயவுசெய்து) என்று தொடங்கிவிடுவதுதான் பத்திரம். தெரிந்தவர்கள் என்றால் பெயரோடு தந்தை பெயரைச் சேர்க்க வேண்டும். இவான் என்பவரின் மகன் இவானவிச், மகள் இவானவ்னா. அப்பா வாங்கி வைத்திருந்த, மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்களில் இந்த நீளப் பெயர்களைப் படித்துக் குழம்பியிருக்கிறேன். ஆனால் அப்பா பெயரை முன்னெழுத்தாகச் சுமந்துகொண்டே வாழும் நமக்கு இது எப்படி அந்நியமாகும்? பக்கத்து வீட்டு அம்மாவிடம் என் இனிஷியல் என்ன என்று விளக்கினேன். அன்றிலிருந்து அவர் என் அப்பா பெயரோடு 'ஒவ்னா' சேர்த்துத்தான் கூப்பிட்டார். அப்பாவிடம் போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை.

சிரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தெரியாதவர்களைப் பார்த்து அங்கே சிரிக்க மாட்டார்கள். அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு முதல் குளிர்காலம் முழுக்க மனசுக்குள் புழுங்கினேன், பகல் ஆறு மணி நேரம்கூட இல்லாத டிசம்பர் வேறு. ஆனால் தொப்பி இல்லாமல் வெளியே போனால் அதே சிரிக்காத முகங்கள்தான் 'ஷாப்கா எங்கே?' என்று நடுத்தெருவில் நிறுத்தித் திட்டும். 'கக் தெலா?' (எப்படி இருக்கீங்க) என்று கடைக்காரரிடம் கேட்காதீர்கள், நெருங்கியவர்களிடம் மட்டும் கேட்க வேண்டிய கேள்வி அது, அவர்கள் பதிலும் முழுசாகச் சொல்வார்கள். ஒரே ஆளுக்கு ஒரு நாளில் ஒரு முறைதான் வணக்கம்.

வீட்டுக்குள் நுழைந்தால் செருப்பைக் கழற்ற வேண்டும், இதில் நமக்குச் சிரமம் இல்லை, ஆனால் வெறுங்காலோடு விடமாட்டார்கள், 'தாப்பச்கி' என்கிற வீட்டுச் செருப்பைத் தேடி எடுத்துத் தருவார்கள். வாசற்படிக்கு மேலாக எதையும் கொடுக்கவோ கைகுலுக்கவோ கூடாது. என் ஆச்சி இதையேதான் சொல்வார். வீட்டுக்குள் சீட்டி அடித்தால் பணம் தங்காது. வெறுங்கையோடு போகக்கூடாது. பூ கொண்டுபோனால் ஒற்றைப்படை எண்ணிக்கையில்தான் இருக்க வேண்டும், இரட்டைப்படை துக்க வீட்டுக்கு. மொய் எழுதும்போது நூற்றோடு ஒரு ரூபாய் சேர்ப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பிறந்தநாள் வாழ்த்தை முந்தின நாளே சொல்லிவிடாதீர்கள், அது ஆகாது என்பார்கள். கோட்டு வாங்கும்போது கழுத்துக்குப் பின்னால் மாட்டும் துணி வளையம் இருக்கிறதா என்று பாருங்கள், அறுந்திருந்தால் உடனே தைத்துவிடுங்கள். தியேட்டர், கல்லூரி, மருத்துவமனை எல்லாவற்றிலும் கோட்டைக் 'கர்திரோப்'பில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், வளையம் இல்லாத கோட்டைப் பார்த்தால் அங்கே இருக்கும் வயதான அம்மாக்கள் நன்றாகத் திட்டுவார்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் 'பெஜ் ம்யாஸா' என்று, அதாவது இறைச்சி இல்லாமல் என்று மட்டும் சொன்னால் கோழியோ மீனோ தட்டில் வந்து சேரலாம். 'போஸ்னயெ' என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள், விரதச் சாப்பாடு. ஈஸ்டருக்கு முந்தைய ஏழு வாரம் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் இறைச்சி, பால், முட்டை எல்லாவற்றையும் விலக்குவார்கள், பல உணவகங்களில் அதற்கென்று தனிப் பட்டியலே வைப்பார்கள். சில நாட்களில் மீன் சேர்ப்பதுண்டு, அதனால் அதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கெஃபிர் என்கிற புளித்த பாலை வாங்கிச் சோற்றில் பிசைந்து உப்புப் போட்டால் மோர்ச் சாதம். இஞ்சிக்கு அவர்கள் சொல் 'இம்பீர்'. அது இஞ்சிவேர் என்ற நம் பழைய சொல் பல மொழிகள் ஏறி இறங்கிப் போய்ச் சேர்ந்தது என்று அறிந்த நாளில், சந்தையில் அதை வாங்கும்போதெல்லாம் ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

நாங்கள் இருந்தது வசீலியெவ்ஸ்கி தீவில். ஏப்ரல் முதல் நவம்பர் வரை நள்ளிரவுக்குப் பிறகு நெவா ஆற்றுப் பாலங்களைக் கப்பலுக்காகத் தூக்கிவிடுவார்கள், நேரத்துக்கு வராவிட்டால் அக்கரையிலேயே காத்திருக்க வேண்டியதுதான். பாலம் பிரிவதற்கு 'ரஸ்வோத்' என்று பெயர், விவாகரத்துக்கும் அதே சொல். இதைச் சொல்லிக்கொடுத்ததும் அந்தப் பக்கத்து வீட்டு அம்மாதான். சென்னையில் இருப்பவர்களுக்கு ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கன் சாலையில் ரஷ்யப் பண்பாட்டு மையம் இருக்கிறது, அங்கே வகுப்பு நடக்கும். கிளம்புவதற்கு முன் எழுத்தையாவது அங்கே கற்றுக்கொண்டு போங்கள். மீதியை இப்படி ஒரு பக்கத்து வீட்டு அம்மாவிடம்தான் கற்க முடியும். அவரோடு தினம் அரை மணி நேரம் டீ குடித்தேன், பழப்பாகைத் தனிக் கிண்ணத்தில் வைத்துக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டபடி. தப்பாகப் பேசினால் சரியான வாக்கியத்தைத் திருப்பிச் சொல்வார், நானும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பாடம்.

தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குக் கிளம்பிய அன்று அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பெட்டியெல்லாம் வாசலுக்குப் போய்விட்டது. 'ப்ரிஸ்யாதிம் ந தரோஷ்கு' என்றார். பயணத்துக்கு முன் எல்லோரும் ஒரு நிமிடம் உட்கார வேண்டும், பேசக்கூடாது. நான் பெட்டி மேலேயே உட்கார்ந்தேன். எழுந்த பிறகு, உங்கள் ஊரில் கிளம்பும்போது என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். போகிறேன் என்று சொல்ல மாட்டோம், 'போயிட்டு வரேன்' என்போம் என்றேன். போவதற்கு எந்த வினை, நடந்தா வண்டியிலா என்று கேட்டார். எதுவானாலும் ஒன்றுதான், வருவதுதான் முக்கியம் என்று என் ரஷ்யனில் சொன்னேன். 'போயித்து வர்யேன்' என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, எங்கள் சமையலறைக் காலண்டரில் நான் திரும்பி வரும் தேதிக்குப் பக்கத்தில் அதை ரஷ்ய எழுத்தில் எழுதி, அழுத்தம் விழும் இடத்தில் ஒரு கோடும் போட்டார்.